கலிபோர்னியா ஜெபர் ரயிலில் மூன்று பேர்: ஆம்ட்ராக் புள்ளியை எங்கே செலவழிப்பது?

மலர்_டொங்காட்
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வருஷம் செப்டம்பர் பள்ளி விடுமுறையில், நம் தென்னாப்பிரிக்காவின் ஹெரிடேஜ் டே பொது விடுமுறையை ஒட்டி, சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் கலிபோர்னியா ஜெபர் ரயிலில் போகத் திட்டம். மூன்று பெரியவர்கள். ஒருவருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. மூவரும் சைவம். கையில் அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கெஸ்ட் ரிவார்ட்ஸ் வெகுமதிப் புள்ளி 46,000, எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் மைல், கொஞ்சம் ஈபக்ஸ் (நம் ஊர் வங்கி வெகுமதிப் புள்ளி). புள்ளியை அறைக்குப் போடுவதா, உட்கார்ந்து போகும் சீட்டுக்குப் போடுவதா? எந்த அறை? எந்தத் திசை? பழைய பதிவுகளில் மண்டலக் கணக்கு என்று ஒன்று வருகிறதே, அது இன்னும் இருக்கிறதா?

லெனேசியா_ராஜன்
மலர் அக்கா, மண்டலக் கணக்கை முதலில் மறந்துவிடுங்க. அது 2016 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்கு முன் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, எத்தனை மண்டலம் கடக்கிறோமோ அதற்கு ஒரே நிலையான புள்ளி விலை வைத்திருந்தார்கள். விலை ஏறிக்கிடக்கும் நாளில் அறையை அதே புள்ளிக்கு எடுக்கலாம். ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் மூன்று இரவை ஒரே விலைக்கு வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். இப்போது புள்ளி விலை ரொக்க விலையோடு ஒட்டியே ஏறி இறங்குகிறது. எந்த ரயிலில் புள்ளிக்கு லாபம் என்று தேடுவதால் பயனில்லை. விலை அடிமட்டத்தில் இருக்கும் நாளைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. ஆம்ட்ராக் தளத்தில் ஒரே நாள், ஒரே ரயில், ஒரே அறையை இரண்டு தடவை தேடுங்க, ஒரு தடவை டாலரில், ஒரு தடவை புள்ளியில். டாலர் விலையை 100ஆல் பெருக்கி, புள்ளி விலையால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட் என்று வரும். எடுத்துக்காட்டாக, அறை 920 டாலர், புள்ளியில் 40,000 என்றால் 2.3 சென்ட். நாலைந்து தேதிக்கு இதே கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதுங்க. எண் பெரிதாக மாறாது. மாறாமல் இருந்தால், புள்ளியையும் காசையும் ஒரே மாதிரி மதிக்கலாம் என்று அர்த்தம்.

2.3 சென்ட் என்றே வைத்தால் உங்கள் 46,000 சுமார் 1,058 டாலருக்குச் சமம். மூன்று பேருக்கு இரண்டு அறை வேண்டும். இந்தப் புள்ளி இரண்டுக்கும் எட்டாது. ஒரு அறை புள்ளியில், இன்னொன்று காசில் என்று இப்போதே முடிவு பண்ணிக்கோங்க.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. புள்ளியில் எடுத்த டிக்கெட்டுக்குப் புதுப் புள்ளி கிடைக்காது. காசு கொடுத்து எடுத்தால் டாலருக்கு 2 புள்ளி, அதுவும் பயணம் போகிறவரின் கணக்கில்தான் விழும். புள்ளி டிக்கெட்டை நீங்கள் யார் பெயரிலும் எடுக்கலாம். அதனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் காசு டிக்கெட்டில் ஏறட்டும், மற்றவர்களைப் புள்ளி டிக்கெட்டில் ஏற்றுங்க. 900 டாலர் டிக்கெட் என்றால் 1,800 புள்ளி திரும்ப வரும். கணக்கும் உயிரோடு இருக்கும். 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் ஆம்ட்ராக் புள்ளி காலாவதி.

பீனிக்ஸ்_கதிர்
அறை விஷயம் நான் சொல்கிறேன். ஜெபரில் ஓடுவது சூப்பர்லைனர், இரண்டு தட்டுப் பெட்டி. சின்ன அறைக்கு ரூமெட் என்று பெயர். அகலம் 107 செ.மீ., நீளம் 198 செ.மீ. பகலில் எதிரெதிராக இரண்டு நாற்காலி. இரவில் அவை சேர்ந்து கீழ்ப் படுக்கை ஆகும், மேல் படுக்கை கூரையிலிருந்து இறங்கும். கீழ்ப் படுக்கை 71 செ.மீ. அகலம், மேலது 61 செ.மீ.தான். மேலே ஜன்னல் கிடையாது, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. ரூமெட்டுக்குள் கழிவறையும் இல்லை. ஒன்று மேல் தட்டில், மற்றவை கீழ்த் தட்டில். குளியலறையும் கீழேதான்.

பெட்ரூம் என்பது பெரியது, 198க்கு 229 செ.மீ., உள்ளேயே கழிவறையும் ஷவரும். ஏ முதல் ஈ வரை எழுத்து போட்டிருக்கும். அதில் ஏ மட்டும் மற்றவற்றைவிட நெருக்கடி, அதைக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்க. மூன்று பெரியவர்களை ஒரு பெட்ரூமில் திணிக்கப் பார்க்காதீங்க. கீழ்ப் படுக்கை 102 செ.மீ. அகலம். ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் படுக்கலாம், இரண்டு பெரியவர்கள் இரண்டு இரவு தாங்காது. ஃபேமிலி பெட்ரூமும் உங்களுக்கு ஆகாது. அது இரண்டு பெரியவர், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு என்று கட்டியது.

முழங்கால் வலிக்கு என் யோசனை, கீழ்த் தட்டு ரூமெட் இரண்டு. 1 முதல் 10 வரை மேல் தட்டு, 11 முதல் 14 வரை கீழ்த் தட்டு. ரயிலில் ஏறுவதே கீழ்த் தட்டு வழியாகத்தான். சாமான் வைக்கும் அடுக்கு, கழிவறை, ஷவர் எல்லாம் ஏழெட்டு அடி தூரத்தில். குறை ஒன்று உண்டு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் வழி மேல் தட்டில் மட்டும்தான் இருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டிக்கும், காட்சி பார்க்கும் கண்ணாடிக் கூண்டுப் பெட்டிக்கும் போக அந்தக் குறுகலான, வளைந்த படியை ஏறித்தான் ஆக வேண்டும். முடியாத வேளையில் அறைப் பணியாளரிடம் சொன்னால் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தருவார்.

தளம் தானாக ஒரு அறை எண்ணைக் கொடுத்துவிடும். புக் பண்ணின அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, கீழ்த் தட்டு வேண்டும், இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்று மாற்றிக்கோங்க. கீழே நாலே ரூமெட்தான் இருக்கிறது, தாமதித்தால் போய்விடும்.

கேப்_செல்வி
திசையும் மாதமும் சேர்த்தே பார்க்க வேண்டியவை. மேற்கே போகும் வண்டி எண் 5, கிழக்கே 6. 3,924 கி.மீ., ஏறக்குறைய 52 மணி நேரம்.

5இல் போனால் சிகாகோ பிற்பகல் 2 மணி. முதல் மாலை அயோவா சோளக்காடு, இரவில் நெப்ராஸ்கா. மறுநாள் காலை 8 வாக்கில் டென்வரை விட்டு ராக்கி மலை ஏறும். 10 கி.மீ. நீள மோஃபட் குகை (ரயில் சுரங்கப்பாதை), பிறகு கொலராடோ ஆற்றோடு பல மணி நேரம், பிற்பகலில் கிளென்வுட் கேன்யன் என்ற செங்குத்துப் பள்ளத்தாக்கு, மாலையில் ரூபி கேன்யனின் சிவப்புப் பாறை. இரவு 11 தாண்டி சால்ட் லேக் சிட்டி. மூன்றாம் நாள் காலை ரீனோ, அதன்பின் சியரா மலை, டானர் ஏரி, மாலை கடைசி நிலையமான எமரிவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வளைகுடாவின் எதிர்க்கரை.

வெளிச்சத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்க. நேரத்துக்கு ஓடினால் ரூபி கேன்யன் மாலை 5 மணி வாக்கில் வரும். செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது 7 மணி வாக்கில். வண்டி ஒன்றரை மணி நேரம் பிந்தினாலும் பார்த்துவிடலாம். டிசம்பரில் 5 மணிக்கே இருட்டு. நம் ஊரில் பெரிய விடுமுறை டிசம்பரில்தான் என்றாலும், காட்சிக்காகப் போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. செப்டம்பர் கடைசியில் கொலராடோ மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் காலம் வேறு. நம் மூன்றாம் பருவ விடுமுறை அதோடு சரியாகப் பொருந்துவது அதிர்ஷ்டம்தான்.

கிழக்கே போகும் 6இலும் இரண்டு மலையும் பகலில்தான் வரும். சியரா மலை முதல் நாளே வருவதால், வண்டி பிந்துவதற்குள் அதைப் பார்த்துவிடலாம். ஆனால் கடைசி அரை நாள் சமவெளி, களைப்புதான் மிஞ்சும். என் ஓட்டு மேற்குத் திசைக்கு.

எந்தப் பக்க ஜன்னல் என்று மண்டையை உடைக்க வேண்டாம், ஆறு இடமும் வலமும் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கூண்டுப் பெட்டியில், அதாவது சைட்சீயர் லவுஞ்சில், டென்வர் தாண்டும் முன்பே போய் உட்காருங்க. டானர் ஏரி மட்டும் மேற்கே போகையில் வலப்பக்கம். மோஃபட் குகைக்குள் பெட்டி விட்டுப் பெட்டி நடக்க விடமாட்டார்கள். கதவு திறந்தால் எஞ்சின் புகை உள்ளே வரும்.

உம்கேனி_பாலா
நல்ல திட்டம்தான், ஆனால் எம்பயர் பில்டர் ரயிலையும் ஒரு பார்வை பாருங்க. சிகாகோ–சியாட்டில், 3,550 கி.மீ., கிளேசியர் தேசியப் பூங்காவின் ஓரமாகவே போகிறது. இன்னொன்று, 52 மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம் என்றால் கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் இறங்கி ஒரு இரவு தங்கலாம். வெந்நீர் ஊற்றுக் குளம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். முழங்காலுக்கும் நல்லது.

கேப்_செல்வி
பாலா அண்ணா, பில்டரில் முக்கியமான மலைக் காட்சி வருவது ஒரு மாலைதான். மேற்கே போகையில் அது பிந்தினால் கிளேசியர் இருட்டில் போய்விடும். செப்டம்பர் கடைசியில் அந்த ஆபத்து கூடுதல். ஜெபரில் இரண்டு பகல் மலை. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும்.

லெனேசியா_ராஜன்
கிளென்வுட்டில் இறங்குவதற்கு ஒரு விலை உண்டு. பயணம் இரண்டு டிக்கெட்டாக உடையும், இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி விலை வரும், கூட்டினால் நேர் டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் அதிகம். அப்படியே இறங்குவதானால் முதல் பாதியை உட்கார்ந்து போகும் சீட்டில் போகலாம், ஆனால் 71 வயதுக்கு ஒரு முழு இரவு நாற்காலியில் வேண்டாம்.

இதைவிட முக்கியம், சிகாகோவிலிருந்து எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு டென்வரில் ஏறலாம் என்று யாரும் நினைக்காதீங்க. முதல் நிலையத்தில் ஏறாவிட்டால் மிச்சப் பயணம் முழுவதும் தானாக ரத்தாகிவிடும், அறை வேறு யாருக்கோ போய்விடும். ஏறும் இடம் மாறினால் முன்கூட்டியே டிக்கெட்டை மாற்றியாக வேண்டும்.

மலர்_டொங்காட்
நேர்ப் பயணமே போகட்டும். இரண்டு சந்தேகம். புள்ளி குறைந்தால் விலைக்கு வாங்கலாமா? ஈபக்ஸை ஆம்ட்ராக் புள்ளியாக மாற்ற வழி உண்டா?

லெனேசியா_ராஜன்
ஈபக்ஸ், அதே மாதிரி நம் ஊர் வெகுமதிப் புள்ளியான டிஸ்கவரி மைல்ஸ் இரண்டும் ஆம்ட்ராக் கணக்குக்கு மாறாது. இரண்டுக்குமே 10 புள்ளி 1 ராண்ட். அதை இங்கேயே செலவு பண்ணி, மிச்சமாகும் ராண்டை டாலர் செலவுக்கு வையுங்க. இந்தப் பயணத்துக்கு எப்படியும் கெட்டியான அடாப்டர், சின்னப் பெட்டி, குளிர் உடுப்பு வாங்கத்தான் போகிறீர்கள்.

புள்ளி வாங்குவது பற்றி. ஆம்ட்ராக் புள்ளியை விலைக்கு விற்கிறது. 1,000 புள்ளிக்குக் கேட்கும் டாலரை 10ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட் என்று தெரியும். மேலே சொன்ன கணக்கில் உங்களுக்கு வந்த மதிப்பைவிட அது அதிகமானால் நஷ்டம், நேராக டாலரில் டிக்கெட் எடுத்துவிடுவதே மேல். நம் கார்டில் வெளிநாட்டுக் கட்டணமும் சேரும், அதையும் கூட்டிக்கோங்க. ஒரு அறைக்கு 1,500 அல்லது 2,000 புள்ளி மட்டும் குறைகிறது என்றால் அந்தத் துண்டுக்கு வாங்கலாம். மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ஹோட்டல் புள்ளியை மாற்றுவதற்கும் இதே அளவுகோல்தான். அந்தப் புள்ளிக்கு ஹோட்டலில் எத்தனை டாலர் அறை கிடைக்கும் என்று பார்த்தபின் மாற்றுங்க.

புக்கிங் சுமார் 11 மாதம் முன்பு திறக்கும். செப்டம்பர் 24க்கு முந்தைய வருஷம் அக்டோபர் கடைசி வாக்கில். ரூமெட் விலை படிப்படியாக ஏறும், கீழ்ப்படி விலையில் சில அறைகள்தான் இருக்கும். இரண்டு அறையை ஒன்றாகத் தேடினால், கீழ்ப்படியில் ஒன்றுதான் மிச்சம் என்ற நிலையில் இரண்டுக்கும் மேல்படி விலையைக் காட்டக்கூடும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, குறைந்ததை எடுங்க. உங்களுக்கு ஒன்று புள்ளி, ஒன்று காசு என்பதால் எப்படியும் தனித்தனி டிக்கெட்தான். புள்ளி அறையை முதலில் எடுங்க, பிறகு காசு அறை. 65 வயது தாண்டியவர்களுக்கு உள்ள சலுகை காசு டிக்கெட்டில் மட்டும், அதுவும் பயணக் கட்டணத்தில்தான், அறைக் கட்டணத்தில் இல்லை.

பீனிக்ஸ்_கதிர்
புக்கிங்குக்கு முன் விசா. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு பி1/பி2 என்ற அமெரிக்க வருகையாளர் விசா வேண்டும், நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் புள்ளியில் கை வையுங்க. படுக்கை அறை டிக்கெட்டை நாள் நெருங்க நெருங்க ரத்து செய்தால் இழப்பு கூடும். புள்ளி டிக்கெட் என்பதால் இலவசம் என்று நினைக்க வேண்டாம், பணம் கொடுக்கும் பக்கத்தில் உள்ள ரத்து விதியைப் படித்து ஒரு படம் பிடித்து வையுங்க.

உம்கேனி_பாலா
விமானத்துக்கு ஸ்கைவார்ட்ஸ் உங்களுக்குக் கச்சிதம். எமிரேட்ஸ் டர்பனிலிருந்தே துபாய் போகிறது, துபாயிலிருந்து சிகாகோவும் உண்டு, சான் பிரான்சிஸ்கோவும் உண்டு. டர்பன்–துபாய்–சிகாகோ ஒரு வழி, சான் பிரான்சிஸ்கோ–துபாய்–டர்பன் ஒரு வழி என்று இரண்டு தனி டிக்கெட்டாக மைலில் எடுக்கலாம், ஜோகன்னஸ்பர்க் போக வேண்டியதே இல்லை. மூன்று பேரின் மைலும் சிதறிக்கிடந்தால் எமிரேட்ஸின் குடும்பக் கணக்கில் சேருங்க, எட்டுப் பேர் வரை சேரலாம். மைல் போக வரியும் விமான நிறுவனக் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டிவரும். சில தேதியில் அதுவே பெரிய தொகை, அதைக் கழித்துவிட்டுத்தான் மைலின் மதிப்பைப் பாருங்க. ஸ்கைவார்ட்ஸ் மைல் மூன்று வருஷத்தில் பிறந்த மாதக் கடைசியில் காலாவதி ஆகும், பழையது முதலில் போகட்டும்.

சாமான் கணக்கும் ஒத்துப்போகிறது. விமானத்தில் ஒரு பெட்டி 23 கிலோ, ஆம்ட்ராக்கிலும் ஒப்படைக்கும் பெட்டி 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அதே 23 கிலோ, ஆளுக்கு இரண்டு இலவசம். பெரிய பெட்டியை சிகாகோவிலேயே ஒப்படைத்துவிடுங்க. ரூமெட்டுக்குள் ஒரு தோள்பைக்குத்தான் இடம்.

கேப்_செல்வி
சாப்பாடு. அறை டிக்கெட்டில் மூன்று வேளையும் அடக்கம், புள்ளியில் எடுத்தாலும் அப்படியே. டிப்ஸ் தனி. சைவத்துக்கு ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கும், ஆனால் இரண்டு இரவும் அதே தட்டாக வரலாம். காரமும் இருக்காது. ஊறுகாய்ப் பொட்டலம், பருப்புப் பொடி, முறுக்கு எடுத்துப் போங்க. சொந்தச் சாப்பாட்டை அறையில் சாப்பிடலாம், சாப்பாட்டுப் பெட்டியில் கூடாது. அமெரிக்க எல்லையில் கறிவேப்பிலையைப் பிடுங்கிவிடுவார்கள், எலுமிச்சை வகை மரங்களுக்கு வரும் நோயால் அதற்குத் தடை. பழமும் வேண்டாம். யாராவது பில்டாங் கொடுத்தனுப்பினால் அதையும் வாங்காதீங்க, இறைச்சிக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் படிவத்தில் ஆம் என்றே சொல்லுங்க. மறைத்தால்தான் அபராதம்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், தட்டையான இரு முள் பிளக். கைப்பேசி சார்ஜர் இரண்டு வோல்டிலும் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். நம் 230 வோல்ட் கெட்டிலை எடுத்துப் போகவே வேண்டாம். ரூமெட்டில் ஒரே ஒரு பிளக் துளைதான் என்று எண்ணிக் கிளம்புங்க. மலைக்குள் பல மணி நேரம் சிக்னல் இருக்காது, டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே சேமித்து வையுங்க.

மலர்_டொங்காட்
மிக்க நன்றி. இதுவரை புரிந்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்க.
22 செப்டம்பர் டர்பனிலிருந்து கிளம்பி 23 மாலை சிகாகோ, அன்றிரவு அங்கே தங்கல். 24 பிற்பகல் 2 மணி வண்டி எண் 5. கீழ்த் தட்டு ரூமெட் இரண்டு. அம்மாவும் தங்கையும் புள்ளி டிக்கெட்டில், நான் காசு டிக்கெட்டில். 26 மாலை எமரிவில், அங்கிருந்து டாக்சியில் சான் பிரான்சிஸ்கோ. 27 பிற்பகல் விமானம்.

பீனிக்ஸ்_கதிர்
சிகாகோவில் ஒரு இரவு வைத்தது சரி. அறை டிக்கெட் இருப்பதால் யூனியன் ஸ்டேஷனில் மெட்ரோபாலிடன் லவுஞ்சுக்குள் காலையிலேயே போய் உட்காரலாம்.

இரண்டு திருத்தம். முதலாவது, டிக்கெட்டில் இறங்கும் இடத்தை எமரிவில் என்று போடாதீங்க, சான் பிரான்சிஸ்கோ என்று போடுங்க. ரயில் வளைகுடாவைத் தாண்டாது. அங்கிருந்து பாலம் வழியாக ஆம்ட்ராக் பேருந்து உண்டு. ஒரே டிக்கெட்டில் இருந்தால் ரயில் எவ்வளவு பிந்தினாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாக எடுத்தால் நள்ளிரவில் எமரிவில் வாசலில் பெட்டியோடு நிற்பது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, 27 விமானத்தை 28க்குத் தள்ளுங்க. சிகாகோ–டென்வர் தண்டவாளம் பிஎன்எஸ்எஃப் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது, அதற்கு மேல் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு சரக்கு நிறுவனத்துடையது. ஆம்ட்ராக் அங்கே வாடகைக்கு ஓடும் விருந்தாளிதான். பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டம் இருக்கிறது, இருந்தும் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒதுங்கு பாதையைவிட நீளமான சரக்கு வண்டி எதிரே வந்தால் ஒதுங்குவது பயணிகள் வண்டிதான். மூன்று நாலு மணி நேரப் பிந்தல் சகஜம். மலையில் பாறை விழுந்தாலோ காட்டுத்தீ என்றாலோ அரை நாளுக்கு மேலும் போகும், செப்டம்பர் தீ பருவமும்கூட. மைலில் எடுத்த விமானத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு மூன்று பேருக்கு வேறு இருக்கை கிடைப்பது கஷ்டம்.

மலர்_டொங்காட்
இரண்டையும் மாற்றிவிட்டேன் தம்பி. இறங்கும் இடம் சான் பிரான்சிஸ்கோ, விமானம் 28. விசா விண்ணப்பத்தை இந்த வாரமே போடுகிறோம். அக்டோபர் கடைசியில் புக்கிங் திறந்ததும் இரண்டு அறையின் டாலர் விலையையும் புள்ளி விலையையும் இங்கே பதிகிறேன், அடுத்து போகிறவர்களுக்குக் கணக்குப் போட உதவும்.